கன்னத்தில் அடக்கிய மாத்திரை

அனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்தால் அந்தத் தெரு வரும். நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக்காரர்களின் தெரு. அறுபதுகளின் நடுவில், அரிசிக்குத் திண்டாடிய வருஷங்களில், செஞ்சி அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் பேறுகாலம் பார்க்கிற நர்ஸாக இருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. படிப்பு புதிது, வெள்ளைச் சேலை புதிது, கோபம் மட்டும் பழையது. எங்கள் ஊரில் நான் கோபித்துக்கொண்டால் மாடுகூடப் பால் சுரக்காது என்று எங்கள் நைனா கேலி செய்வார்.

அந்தத் தெருவில் எந்தப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலும் உள்ளே வெளுத்திருக்கும். நகம் வெளுத்திருக்கும், நாக்கு வெளுத்திருக்கும். ஏரிக்கரை ஏறுவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்குவார்கள். ஒருத்தி அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்பாள், இன்னொருத்தி நெல் குத்தும்போதே பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். கேட்டால் 'கிறுகிறுப்பு' என்பார்கள். நாங்கள் அதைச் சோகை என்று எழுதிக்கொள்வோம். எழுதுவதற்கு அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எல்லோர் கன்னத்திலும் புகையிலை இருக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ் ஒரு வாய் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. பொழுது ஏறுவதற்குள் சேற்றில் இறங்கினால் வெயில் சாய்ந்துதான் கரையேறுவார்கள். "பசி எடுக்காதா?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "பொயில போட்டா வயிறு பேசாம கெடக்கும் நர்சம்மா," என்றாள். வயிற்றை ஏமாற்றுவதற்கு அவர்களிடம் இருந்த ஒரே வழி அது. ஆனால் ரத்தத்தை ஏமாற்ற முடியாதே.

நடவு நாளில் நிலத்துக்காரர் வெற்றிலை, பாக்கு, புகையிலை கொடுத்தாக வேண்டும். சோறு கொடுக்க வேண்டியதில்லை. அது அந்தப் பக்கத்து வழக்கம். வரிசையில் குனிந்து நடுகிறவர்களுக்கு முழங்கை வரைக்கும் சேறு. வெற்றிலை போடக் கரையேறினால் வரிசை உடையும், நிலத்துக்காரர் சத்தம் போடுவார். அதனால் ஆள் சேர்த்துக் கூட்டிவருகிற பெண் ஒருத்தி மட்டும் சேற்றில் இறங்காமல் வரப்பின் மேல் நிற்பாள். வரிசை கோணாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் கை மட்டும் சுத்தமாக இருக்கும். நேரம் பார்த்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, ஒவ்வொருத்தி வாயிலும் அவளே ஊட்டிக்கொண்டு வருவாள். வேலை நிற்காது, கையில் எடுத்த நாற்றும் கீழே வைக்கப்படாது.

அந்தத் தெருவில் அப்படி ஊட்டுகிறவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையும் அதே வரிசையில் நடுகிறவள்தான்.

ஆடி மாதக் கடைசியில் பெரியக்கா தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தாள். தங்கைக்கு நாலாவது மாதம். இதற்கு முன்பு இரண்டு முறை பெற்றிருக்கிறாள், இரண்டு குழந்தையும் தங்கவில்லை. இரண்டாவது பேற்றில் போன ரத்தத்தில் அவளையே வண்டியில் போட்டுத் தூக்கிவந்தார்களாம். டாக்டர் அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டை மை ஒற்றுகிற தாள் போன்ற தாளில் வாங்கி, சின்னப் புத்தகத்தில் இருந்த சிவப்புப் பட்டைகளோடு வைத்துப் பார்த்தார். அந்தப் பட்டைகள் வெளிறியதில் தொடங்கிக் கருஞ்சிவப்பில் முடியும். இவளுடைய சொட்டு முதல் பட்டையோடுகூடச் சரியாகச் சேரவில்லை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ரத்தம் ஊறலேன்னா இந்தப் பொண்ணு பிரசவத்தத் தாங்காதும்மா," என்றார்.

நான் உள்ளே வந்தேன். தங்கை என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. "இந்த தபா நான் பொழச்சிப்பனா நர்சம்மா?" என்றாள்.

"மாத்திரைய ஒழுங்கா போட்டா பொழச்சிப்ப. பொயிலய விடு," என்றேன். ஏதோ உயிர் என் பையில் இருப்பது போலச் சொன்னேன்.

இரும்புச் சத்து மாத்திரை. அவளுக்கு மட்டும் இல்லை, அந்த நடவு வரிசைக்கே கொடுக்க டாக்டர் சம்மதித்தார். முதல் வாரம் வீட்டுக்கு வீடு கொடுத்தேன். ஒரு வீட்டில் எலி தின்றது, ஒரு வீட்டில் கூரை ஒழுகிக் கரைந்தது, ஒரு வீட்டில் மாமியார் பொட்டுப் போலச் சிவப்பாக இருக்கிறதே என்று பேத்திக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. தினமும் இவர்கள் வாயில் ஊட்டுகிற கை ஒன்று இருக்கிறதே. மாத்திரை முழுவதையும் பெரியக்காவிடம் கொடுத்தேன். "தெனம் உன் கையாலயே ஒவ்வொருத்திக்கும் குடுத்துடுக்கா. ஒருத்திய விடாத," என்றேன். அவள் மாத்திரைகளைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆவணி போயிற்று. புரட்டாசியும் பாதி போயிற்று. வாரா வாரம் மாத்திரை சரியாகத் தீர்ந்துவந்தது, ஒன்றுகூட மிச்சம் இல்லை. பெரியக்கா காலிப் பையை விரித்துக் காட்டுவாள். நான் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பிறகு தங்கையின் விரலில் மறுபடி குத்திப் பார்த்தோம். சொட்டு முன்னைவிட வெளுத்திருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "மாத்திர அவ வயித்துக்குப் போகலம்மா," என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஏரிக்கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். ஏரிக்குக் கீழே ஒரு வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள், பெரியக்கா வரப்பின் மேல் நின்றாள். நேராக அவள் முன்னால் போய் நின்றேன்.

"மாத்திரைய எந்தக் கடையில வித்த?" என்றேன். "எவ்ளோக்கு வித்த? ஒன் தங்கச்சி உசுர வித்துட்டியே."

இதை எழுதுகிறபோது இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். தங்கை வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பெரியக்கா என்னையே பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "பொயில நேரம் ஆயிடுச்சி. குடுத்துட்டு வந்து பேசறேன்," என்று சொல்லிவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

என் கண் முன்னாலேயே வெற்றிலையை எடுத்தாள், சுண்ணாம்பு தடவினாள். பாக்கு வைத்தாள், புகையிலை வைத்தாள். சுருக்குப் பையிலிருந்து என் சிவப்பு மாத்திரை ஒன்றை எடுத்து, வரப்பில் கிடந்த கல்லால் நசுக்கி, புகையிலை மேல் தூவி மடித்தாள். அப்படியே பன்னிரண்டு மடிப்பு. வரப்போரமாக வந்தவர்கள் குனிந்தபடியே முகத்தை மட்டும் திருப்பி வாயைத் திறந்தார்கள். அவளும் ஊட்டிக்கொண்டே போனாள். தங்கைக்கு மட்டும் மடிப்பு கொஞ்சம் பெரியது. அதில் இரண்டு மாத்திரை இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி துப்பினாள். அடுத்தவள் துப்பினாள். வெற்றிலைச் சாறு சிவப்பாக இருக்க வேண்டும். இது மையைப் போலக் கறுப்பாக இருந்தது. நாற்றுக்கு நடுவில், வயல் தண்ணீரில், நான் கொடுத்த மருந்தெல்லாம் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். நான் நெல்லுக்கே இறைத்திருந்தேன். அந்த வருஷம் அந்தப் பக்கத்துப் பயிர் என்ன பச்சையாக இருந்தது தெரியுமா?

"யக்கா, இத முழுங்க வேணாமா?" என்றேன்.

"மொத நாளு முழுங்கதான் குடுத்தேன்," என்றாள் பெரியக்கா. "வெறும் வயிறு. நாலு பேரு சேத்துலயே வாந்தி எடுத்துட்டாளுங்க. இவளுந்தான். அப்பறம் ஒருத்தியும் வாயத் தொறக்கல. பொயில போட்டா எவளும் வாந்தி எடுக்கறதில்ல. அதான் அதுல வெச்சி மடிச்சேன். கன்னத்துல கெடந்தே பொயில தலைக்கி ஏறுது. மருந்து ஏறாதா?"

அவள் கணக்கில் குற்றம் சொல்ல முடியுமா? காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை குமட்டும் என்பது பாடத்தில் படித்த விஷயம். இன்னொன்றும் படித்திருந்தேன். இரும்பு உள்ளே போனால் மலம் கறுக்கும். இரண்டு மாதமாக ஒருத்தியும் 'கறுத்துப்போச்சு' என்று வந்து அலறவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பீற்றிக்கொண்டிருந்தவளுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைச் சேலை சேறாவதுகூடத் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது. "நான் சொன்னது தப்புக்கா. மன்னிச்சிடு," என்றேன். என் வாழ்நாளில் அதற்கு முன்பு அந்த வார்த்தையைச் சொன்னதாக நினைவில்லை.

"அது கெடக்குது. இவளுக்கு இன்னா பண்றது, அத சொல்லு," என்றாள் பெரியக்கா. "இன்னும் நாலு மாசம்தான் இருக்குது."

வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், அதற்கு மேல்தான் மாத்திரை, அதை விழுங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றேன். பெரியக்கா வரிசையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். வழி சொன்னதும் அவள்தான், நான் இல்லை. அன்று சாயங்காலம் நிலத்துக்காரர் வயலுக்கு வந்தபோது நானும் கூட நின்றேன்.

"பொயிலய பாதியா கொறச்சிக்குங்க. அதுக்கு பதிலா மல்லாட்ட குடுங்க," என்றாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். அவர் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"தின்னுகினு ஒக்காந்தா நடவு எப்ப முடியறது?" என்றார் அவர்.

"எவளும் கரையேற மாட்டா. இடிச்சி, வெல்லம் போட்டு, உருண்ட புடிச்சி எடுத்தாறேன். பொயில ஊட்டற மாதிரியே ஊட்டிகினு போறேன். வரிசை நிக்காது."

அவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரி எதிரில் மாட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததோ, பாதிப் புகையிலை மிச்சம் என்று தோன்றியதோ, தெரியாது. "வரிசை நின்னுச்சின்னா பழையபடி பொயிலதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து வரப்பில் ஒரு கூடை உருண்டையும் ஒரு தவலைத் தண்ணீரும் இருந்தன. உருண்டை ஒன்று, அது உள்ளே இறங்கியதும் மாத்திரை, சொம்பால் ஒரு வாய் தண்ணீர். அண்ணாந்து வாயைத் திறந்தவர்களில் ஒருத்திக்கும் வாந்தி வரவில்லை. அடுத்த வாரம் காலையில் ஐந்து பெண்கள் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருத்தி என்னை ஓரமாக இழுத்துப்போய், "உள்ள எதோ எரிஞ்சிபோச்சி நர்சம்மா. கன்னங்கரேல்னு போவுது," என்றாள்.

"நல்லா கறுத்திருக்குதா?" என்று கேட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். நர்சம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவர்கள் தெருவில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

தங்கைக்குப் புகையிலையை விடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. மற்றவர்களுக்குப் பாதி உண்டு, இவளுக்கு அடியோடு இல்லை. தலைவலி, எரிச்சல். ஒரு நாள் அக்கா மேல் நாற்று முடியை விசிறி அடித்தாளாம். எனக்கு இது தெரிந்த கதை. எங்கள் அம்மா ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் வெற்றிலை புகையிலையைத் தொடமாட்டார். முதல் வாரம் வீட்டில் நாங்கள் ஒருவரும் அவர் கண்ணில் படமாட்டோம், நைனா உட்பட. அதற்குப் பிறகு அம்மா தானாகச் சாந்தமாகிவிடுவார். அதனால், "பத்து நாளு பல்லக் கடிச்சிகினு இரு, அப்பறம் அது உன்ன கூப்புடாது," என்று தைரியமாகச் சொன்னேன். இந்த முறை தெரிந்துதான் சொன்னேன்.

"கன்னம் காலியா இருந்தா எதையோ தொலச்ச மாதிரி இருக்குது," என்றாள் அவள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காய்ந்த நெல்லிக்காய்த் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். டாக்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாகவே ஒட்டும் என்றார். படித்தவளுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பெரியக்கா கடைசிவரை புகையிலையை விடவில்லை. "என்ன விட்டுடு நர்சம்மா, நான் இன்னா புள்ளையா பெத்துப்போடப் போறேன்," என்பாள். பக்கத்து நிலத்துக்காரர் உருண்டை கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் மழைக்காலம் முடிந்து ஒரு நாள் ஏரிக்கரையில் பார்த்தேன். அந்த வரிசைப் பெண்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். நடுவில் ஒரே ஒரு முறைதான் நின்றார்கள், அதுவும் ஒருத்தி சொன்ன கதைக்குச் சிரிப்பதற்காக.

மார்கழியில் தங்கையின் சொட்டு பட்டைகளின் நடுவில் போய்ச் சேர்ந்தது. நல்ல சிவப்பு என்று சொல்ல முடியாது. கடைசி நாட்களில் திண்டிவனத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நாங்களும் நாள் பார்த்து வைத்திருந்தோம். குழந்தை எங்கள் நாளுக்குக் காத்திருக்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு காலையில் சைக்கிளில் ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே அறுப்புக்குப் போயிருந்தது. வாசலில் மாடு பூட்டிய வண்டி தயாராக நின்றது. உள்ளே பெரியக்கா தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏற்றுகிற நிலைமையைத் தாண்டியிருந்தது.

நான் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். வெளியே சத்தமாகத் திட்டிக்கொண்டும் இருந்தேன். வெந்நீர் ஏன் ஆறியது, விளக்கெண்ணெய் எங்கே, இந்தப் பக்கம் பிடி, அந்தப் பக்கம் விடு. எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான். வெயில் முற்றத்துக்கு வந்தபோது பெண் குழந்தை பிறந்தது. வீல் என்று கத்தியது. நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றிப் பெரியக்கா கையில் கொடுத்துவிட்டு, தங்கையின் அடிவயிற்றைப் பிசைந்துகொண்டு ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வந்தது. யாருக்கும் வருகிற அளவுதான் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். தங்கை கண்ணை மூடியிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "கண்ணத் தொற. தூங்காத. இங்க பாருடி, என்னப் பாரு," என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலம் இருந்தது.

"நான் முழிச்சிகினுதான் இருக்கேன் நர்சம்மா," என்றாள். "ரெண்டு தபாவும் எனக்கு நெனவு தப்பிடுச்சி. எம் புள்ளைங்க அழுதுதா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. சித்த நேரம் பேசாம இரு. நான் கேக்கணும்."

பெரியக்கா குழந்தையைத் தங்கையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள். அது கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சமாதானப்படுத்தவில்லை.